டிரான்சில்வேனிய சாக்சன் ஊர்கள்: பிராஷோவ் முதல் சிபியூ வரை

டிரான்சில்வேனிய சாக்சன் ஊர்கள் என்பவை ருமேனியாவின் நடுப்பகுதியில், கார்பேத்திய மலைத்தொடரின் வளைவுக்குள், 12-ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மன் மொழி பேசும் குடியேறிகள் அமைத்த நகரங்களும் கிராமங்களும் ஆகும். மதில் சூழ்ந்த தேவாலயத்தை நடுவில் கொண்டிருப்பது இவற்றின் அடையாளம். இத்தகைய கோட்டைத் தேவாலயங்கள் ஒரு காலத்தில் சுமார் 300 இருந்தன. ஏறத்தாழ 150 இன்றும் நிற்கின்றன. பிராஷோவ் நகரில் தொடங்கி சிகிஷ்வாரா, பியெர்தான் வழியாக சிபியூவில் முடியும் சாலைப் பயணம், இவற்றில் முக்கியமானவற்றைப் பார்க்க விரும்புவோர் வழக்கமாகச் செல்லும் வழி. வழிகாட்டியுடன் இதை மூன்று அல்லது நான்கு நாட்களில் முடிக்கலாம்.

இந்த ஊர்களைக் கட்டிய சமூகம் இன்று பெரும்பாலும் அங்கு இல்லை. எட்டு நூற்றாண்டுகள் படையெடுப்புகளைத் தாங்கி நின்ற மக்கள், 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சில பத்தாண்டுகளுக்குள் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களை யார் காப்பது, அவை யாருடைய மரபு என்ற கேள்வி ருமேனியாவில் இன்றும் தொடர்கிறது.

குடியேற்றம்

டிரான்சில்வேனியா இடைக்காலத்தில் ஹங்கேரி அரசின் கிழக்கு எல்லைப் பகுதியாக இருந்தது. மக்கள் குறைவாக வாழ்ந்த எல்லையைக் காக்கவும், வரி தரும் வேளாண்மையையும் கைத்தொழிலையும் வளர்க்கவும் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா (ஆட்சி 1141-1162) மேற்கிலிருந்து குடியேறிகளை அழைத்தார். ரைன், மோசல் ஆறுகளின் கரைகள், இன்றைய லக்சம்பர்க், ஃபிளாண்டர்ஸ் ஆகிய பகுதிகளிலிருந்து அவர்கள் வந்தனர். அரச ஆவணங்கள் அவர்களை முதலில் 'விருந்தினர்' என்றே குறிப்பிட்டன. பின்னர் 'சாக்சன்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துடன் இவர்களில் பெரும்பாலோருக்குத் தொடர்பு இல்லை. இவர்களது பேச்சுவழக்கு இன்றும் லக்சம்பர்க் மொழிக்கு நெருக்கமானது.

1211-இல் மன்னர் இரண்டாம் ஆந்திராஷ், டியூட்டானிய வீரத்துறவியரை பிராஷோவைச் சூழ்ந்த பர்சா சமவெளிக்கு அழைத்து நிலம் அளித்தார். அவர்கள் தமக்கெனத் தனி அரசு அமைக்க முயன்றதால் 1225-இல் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடன் வந்த உழவர்களும் கைவினைஞர்களும் அங்கேயே தங்கினர்.

ஜெர்மன் மொழியில் இப்பகுதிக்கு 'ஸீபன்பூர்கன்' என்று பெயர். 'ஏழு கோட்டைகள்' என்பது இதன் பொருள். எந்த ஏழு என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சாக்சன் நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் ருமேனியம், ஜெர்மன், ஹங்கேரியம் என மூன்று மொழிப் பெயர்கள் வழங்குகின்றன. ஜெர்மன் மொழியில் பிராஷோவ் குரோன்ஸ்டாட் ஆகும். சிபியூ ஹெர்மன்ஸ்டாட் ஆகும். சிகிஷ்வாரா ஷேஸ்பர்க் ஆகும். இன்றைய பயணி பல ஊர்களின் பெயர்ப்பலகைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் காணலாம்.

பொன் சாசனம்

1224-இல் இரண்டாம் ஆந்திராஷ் அளித்த உரிமை ஆவணம் 'ஆந்திரேயானும்' அல்லது 'பொன் சாசனம்' எனப்படுகிறது. இது சிபியூவைச் சார்ந்த சாக்சன் குடிகளை ஒரே மக்களாக அறிவித்தது. அவர்கள் தம் நீதிபதிகளையும் குருமார்களையும் தாமே தேர்ந்தெடுக்கலாம். அவர்களின் வணிகர்கள் சுங்கமின்றிச் செல்லலாம். இதற்கு ஈடாக ஆண்டுக்கு 500 மார்க் வெள்ளி செலுத்தவும், நாட்டிற்குள் போர் நடந்தால் 500 வீரர்களை அனுப்பவும் அவர்கள் கடமைப்பட்டனர்.

இதனால் சாக்சன் உழவர்கள் பிரபுக்களுக்கு அடிமைப்படாத சுதந்திரக் குடிகளாக வாழ முடிந்தது. இவர்களின் ஊர்களில் பிரபுவின் மாளிகை இல்லை. ஊரின் பெரிய கட்டடம் தேவாலயம்தான். எதிரி வந்தபோது அடைக்கலம் தர வேறு கோட்டை இல்லாததால், ஊரார் தேவாலயத்தையே கோட்டையாக்கினர்.

1241-இல் மங்கோலியர் படையெடுப்பு இப்பகுதியை அழித்தது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உதுமானியத் தாக்குதல்கள் தொடங்கின. 1438-இல் சேபேஷ் நகர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட மாணவர் ஒருவர், இருபது ஆண்டுகள் உதுமானிய நாட்டில் அடிமையாக இருந்து விடுதலையான பின் தம் அனுபவத்தை லத்தீனில் நூலாக எழுதினார். துருக்கியரின் வாழ்வும் சமயமும் பற்றி ஐரோப்பாவில் பரவலாகப் படிக்கப்பட்ட தொடக்ககால நூல்களில் அது ஒன்று. கோட்டைத் தேவாலயங்களில் பெரும்பாலானவை 15, 16-ஆம் நூற்றாண்டுகளின் இந்த அச்சத்தில் எழுந்தவை.

பிரான் கோட்டை

புக்கரெஸ்ட்டிலிருந்து வடக்கே பிரஹோவா பள்ளத்தாக்கு வழியாக மலையைக் கடந்து பிராஷோவை அடையும் பயணிகள், பெரும்பாலும் முதலில் பார்க்க விரும்புவது பிரான் கோட்டையை. இது 'டிராகுலா கோட்டை' என்று உலகெங்கும் விளம்பரப்படுத்தப்படுகிறது. டிராகுலா நாவலை 1897-இல் வெளியிட்ட அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை.

கோட்டையின் உண்மையான வரலாறு சாக்சன் வணிகத்துடன் தொடர்புடையது. 1377-இல் ஹங்கேரி மன்னர் முதலாம் லாயோஷ், பிராஷோவின் சாக்சன்கள் தம் சொந்தச் செலவிலும் உழைப்பிலும் இக்கோட்டையைக் கட்ட அனுமதி அளித்தார். வலாக்கியாவுக்குச் செல்லும் மலைக்கணவாயைக் காப்பதும் சரக்குகளுக்குச் சுங்கம் வாங்குவதும் இதன் பணி. 1920-இல் பிராஷோவ் நகரம் இதை ருமேனிய அரசி மரியாவுக்குப் பரிசளித்தது.

டிராகுலா என்ற பெயருக்கு மூலமான வலாக்கியத் தலைவர் விளாத் செப்பேஷ், சாக்சன் வணிகர்களுடன் பகைமை கொண்டிருந்தார். 1450-களின் இறுதியில் அவர் பர்சா சமவெளியைச் சூறையாடி, பிடிபட்டவர்களைக் கழுவேற்றினார். பின்னர் ஜெர்மன் நகரங்களில் அச்சான சிறு நூல்கள் அவரது கொடுமைகளைப் பரப்பின. அவரைப் பற்றி மேற்கு ஐரோப்பாவில் உருவான பிம்பத்தில், அவரிடம் பாதிக்கப்பட்ட சாக்சன்களின் பங்கு பெரியது. ருமேனிய மரபோ அவரைக் கடுமையான, ஆனால் நீதி தவறாத ஆட்சியாளராக நினைவில் வைத்திருக்கிறது.

பிராஷோவ்

மலைகள் மூன்று புறமும் சூழ்ந்த பிராஷோவ், டிரான்சில்வேனியாவையும் கருங்கடல் பக்கத்தையும் இணைத்த வணிகப் பாதையில் வளர்ந்தது. இதன் நடுவே உள்ள கறுப்புத் தேவாலயம் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி சுமார் நூறு ஆண்டுகளில் கட்டப்பட்டது. 89 மீட்டர் நீளமுள்ள இது இப்பகுதியின் மிகப் பெரிய கோதிக் கட்டடங்களில் ஒன்று. 1689-இல் நகரைத் தின்ற பெருந்தீயில் இதன் சுவர்கள் கருத்ததால் இப்பெயர் வந்தது என்பது மரபு.

தேவாலயத்தின் உள்ளே அனத்தோலியக் கம்பளங்கள் தொங்குகின்றன. ஐரோப்பாவில் உள்ள இத்தகைய சேகரிப்புகளில் பெரியவற்றுள் இது ஒன்று. உதுமானிய நாட்டுடன் வணிகம் செய்த சாக்சன் வணிகர்களும் கைவினைச் சங்கங்களும் இவற்றைத் தேவாலயத்திற்குக் காணிக்கையாக அளித்தனர். துருக்கியருக்கு அஞ்சி மதில் எழுப்பிய அதே சமூகம், துருக்கிய நெசவைத் தன் வழிபாட்டிடத்தின் அணியாகக் கொண்டது. எல்லைப்புற வாழ்வில் போரும் வணிகமும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

நகரின் அறிஞர் யோகான்னஸ் ஹோன்டெரூஸ் (1498-1549) இங்கு அச்சகம் நிறுவி, லூதரின் சமயச் சீர்திருத்தத்தை சாக்சன்களிடையே கொண்டுவந்தார். சில ஆண்டுகளுக்குள் சாக்சன் சமூகம் முழுவதும் லூதரன் சபையைத் தழுவியது. சுவர் ஓவியங்கள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. ஊர்தோறும் பள்ளிகள் வலுப்பெற்றன.

பிராஷோவ் ருமேனிய மொழி வரலாற்றிலும் இடம்பெறுகிறது. நாள் குறிக்கப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ருமேனிய எழுத்து, 1521-இல் கிம்புலுங் ஊரைச் சேர்ந்த நியாக்ஷு என்ற வணிகர் பிராஷோவின் நீதிபதி யோகான்னஸ் பெங்க்னருக்கு எழுதிய கடிதம். உதுமானியப் படைகள் டான்யூபை நோக்கி நகர்வதை அது எச்சரிக்கிறது. ஒரு ருமேனியர் தம் மொழியில், சிரிலிக் எழுத்தில், ஒரு சாக்சன் தலைவருக்கு எழுதிய கடிதம் அது. அதே நூற்றாண்டில் கோரேசி என்ற துணைகுரு பிராஷோவில் ருமேனிய மொழி நூல்களை அச்சிட்டார்.

ஆனால் ருமேனியர்கள் மதிலுக்கு வெளியே, ஷ்கேய் என்ற பகுதியில் வாழ்ந்தனர். நகருக்குள் வீடு வாங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஷ்கேயில் உள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் வளாகத்தில் உள்ள பழைய ருமேனியப் பள்ளி இன்று அருங்காட்சியகமாகக் காட்டப்படுகிறது. இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் நடந்து பார்ப்பவர், பழைய சமூக ஏற்பாடு நகரின் அமைப்பிலேயே பதிந்திருப்பதைக் காண்பார்.

பிரெஜ்மேர்

பிராஷோவிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள பிரெஜ்மேர், கோட்டைத் தேவாலயத்தின் செயல்முறையைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். சிலுவை வடிவத் தேவாலயத்தைச் சுற்றி 12 மீட்டர் வரை உயரமுள்ள வட்ட மதில் எழுப்பப்பட்டுள்ளது. மதிலின் உட்புறத்தில் பல அடுக்குகளாக 270-க்கும் மேற்பட்ட சிறு அறைகள் உள்ளன. மரப்படிகளும் நடைபாதைகளும் அவற்றை இணைக்கின்றன.

ஊரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை உண்டு. அமைதிக் காலத்தில் அதில் தானியமும் உணவுப் பொருளும் சேமிக்கப்பட்டன. முற்றுகையின்போது குடும்பம் முழுவதும் அங்கே குடியேறியது. பிள்ளைகளின் படிப்பு தடைபடாதபடி மதிலுக்குள்ளேயே வகுப்பறையும் இருந்தது. அந்த அறை இன்றும் காட்டப்படுகிறது.

விஸ்கிரி

பிராஷோவிலிருந்து சிகிஷ்வாரா செல்லும் நெடுஞ்சாலையில் புனெஷ்தி என்ற ஊரில் திரும்பி, கிளைச்சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் விஸ்கிரி வருகிறது. சாக்சன் கிராமத்தின் பழைய அமைப்பு இங்கு ஏறக்குறைய முழுமையாக உள்ளது. அகன்ற ஒரே தெருவின் இருபுறமும் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீடும் தெருவை நோக்கிய குறுகிய முகப்பும், வண்டி நுழையும் பெரிய வாயிலும், பின்னால் நீண்ட முற்றமும், கடைசியில் களஞ்சியமும் கொண்டது. சுவர்களுக்கு நீலம், பச்சை, காவி எனச் சுண்ணாம்பில் கலந்த வண்ணங்கள் பூசப்பட்டுள்ளன. மாலையில் மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகள் தத்தம் வீட்டு வாயிலில் தாமாகவே நின்றுகொள்கின்றன.

இக்கிராமங்களின் சமூக வாழ்வு 'நாக்பர்ஷாஃப்ட்' எனப்படும் அண்டைவீட்டார் அமைப்பால் இயங்கியது. ஒரு தெருவின் வீடுகள் சேர்ந்து ஓர் அமைப்பாகும். அதற்குத் 'அண்டைத் தந்தை' என்ற தலைவர் உண்டு. வீடு கட்டுதல், கிணறு துப்புரவு செய்தல், சவ அடக்கம் ஆகியவற்றில் உறுப்பினர் அனைவரும் உழைப்புத் தரவேண்டும். செய்தி தெரிவிக்க ஒரு மரச்சின்னம் வீடு வீடாகக் கைமாறும். வராதவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. கணக்கும் விதிகளும் ஒரு பெட்டியில் பூட்டிவைக்கப்பட்டன.

பல ஊர்களில் தேவாலய மதிலின் ஒரு கோபுரம் 'கொழுப்புக் கோபுரம்' எனப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் உப்பிட்டு உலர்த்திய பன்றிக்கொழுப்பை அதில் தொங்கவிட்டது. குறிப்பிட்ட நாளில் மட்டும் கோபுரம் திறக்கப்பட்டு, தேவையான அளவு வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் முத்திரை இடப்பட்டதால் பிறர் எடுக்க முடியாது. முற்றுகைக் காலத்தின் பொதுச் சேமிப்பு, முற்றுகைகள் ஓய்ந்த பிறகும் வழக்கமாகத் தொடர்ந்தது.

சிகிஷ்வாரா

சிகிஷ்வாராவுக்கு முன்னால் சாலையோரம் சாஸ்கிஸ் கிராமத்தின் கோட்டைத் தேவாலயம் தென்படுகிறது. அதன் தனிக்கோபுரம் சிகிஷ்வாராவின் மணிக்கூண்டுக் கோபுரத்தை ஒத்தது.

சிகிஷ்வாரா குன்றின்மேல் அமைந்த கோட்டை நகரம். மக்கள் இன்றும் வசிக்கும் இடைக்காலக் கோட்டைகளில் ஒன்றாக இது அறியப்படுகிறது. 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மதிலில் ஆதியில் இருந்த 14 கோபுரங்களில் 9 எஞ்சியுள்ளன. ஒவ்வொரு கோபுரமும் ஒரு கைவினைச் சங்கத்தின் பொறுப்பு. தையற்காரர், தோல் பதனிடுவோர், கயிறு திரிப்போர், செருப்புத் தைப்போர், இறைச்சி வெட்டுவோர் ஆகியோரின் பெயர்களை அவை தாங்குகின்றன. கோபுரத்தைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் போரில் காப்பதும் அந்தந்தச் சங்கத்தின் கடமை. 64 மீட்டர் உயர மணிக்கூண்டுக் கோபுரம் மட்டும் நகராட்சி மன்றத்துக்கு உரியதாக இருந்தது.

குன்றின் உச்சியில் பள்ளியும் தேவாலயமும் உள்ளன. பனிக்காலத்தில் மாணவர் ஏறிச் செல்வதற்காக 1642-இல் கூரையிட்ட மரப்படிக்கட்டு அமைக்கப்பட்டது. இன்று அதில் சுமார் 175 படிகள் உள்ளன. விளாத் செப்பேஷின் தந்தை 1430-களில் இந்நகரில் வாழ்ந்ததால், விளாத் இங்கே பிறந்தார் என்பது மரபு. விண்வெளி ஏவூர்தி அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் ஓபெர்த் (பிறப்பு 1894, சிபியூ) சிகிஷ்வாராவில்தான் வளர்ந்தார்.

பியெர்தான்

சிகிஷ்வாராவிலிருந்து மெதியாஷ் செல்லும் சாலையில் திரும்பிச் சென்றால் திராட்சைக் குன்றுகளுக்கு நடுவே பியெர்தான் உள்ளது. இதன் பெரிய தேவாலயம் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முடிக்கப்பட்டது. மூன்று சுற்று மதில்கள் அதைச் சூழ்ந்துள்ளன. 1572 முதல் 1867 வரை சாக்சன் லூதரன் சபையின் ஆயர் இங்கேயே தங்கினார். 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற முதல் சாக்சன் கிராமம் இது. 1999-இல் பிரெஜ்மேர், விஸ்கிரி, சாஸ்கிஸ், கில்னிக், வாலேயா வீலோர், தார்ஜியூ ஆகியவை அதனுடன் சேர்க்கப்பட்டன. இவற்றில் தார்ஜியூ, ஹங்கேரிய மொழி பேசும் சேக்கெல் மக்களின் ஊர்.

தேவாலயத்தின் பொருளறைக் கதவில் உள்ள பூட்டு புகழ்பெற்றது. ஒரு சாவியைத் திருப்பினால் கதவின் நான்கு பக்கங்களிலும் பல தாழ்கள் ஒரே நேரத்தில் நகரும். இது 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. மதிலின் ஒரு கோட்டையறை 'மணமக்கள் சிறை' எனக் காட்டப்படுகிறது. மணவிலக்கு கோரிய தம்பதியர் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கரண்டி மட்டும் உள்ள அந்த அறையில் சில வாரங்கள் ஒன்றாக அடைக்கப்பட்டனர் என்றும், முந்நூறு ஆண்டுகளில் ஒரே ஒரு தம்பதிதான் பிரிந்தனர் என்றும் ஊரில் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை வழிகாட்டிகளின் கதையாக இருக்கலாம். தனிமனித விருப்பத்தைவிடச் சமூகத்தின் ஒழுங்கை மேலாகக் கருதிய ஊரின் இயல்பை அந்தக் கதை காட்டுகிறது.

மெதியாஷ், கோப்ஷா மிக்கா

மெதியாஷ் 19-ஆம் நூற்றாண்டின் குருவும் கல்வியாளருமான ஸ்டெஃபான் லுட்விக் ரோத் (1796-1849) பிறந்த ஊர். டிரான்சில்வேனியாவின் ஆட்சிமொழி எது என்ற விவாதம் 1842-இல் எழுந்தபோது, நாட்டுக்குப் பொதுமொழி ஏற்கெனவே இருக்கிறது, அது ருமேனியம் என்று அவர் எழுதினார். சந்தையிலும் சாலையிலும் பல இன மக்கள் சந்திக்கும்போது பேசும் மொழி அதுவே என்பது அவர் வாதம். 1848-49 புரட்சியின்போது ஹங்கேரிய அதிகாரிகள் அவரைக் குளுஜ் நகரில் சுட்டுக் கொன்றனர்.

மெதியாஷைத் தாண்டியதும் சாலை கோப்ஷா மிக்கா வழியாகச் செல்கிறது. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் கரித்தூள் ஆலையும் உலோக உருக்காலையும் இவ்வூரின் வீடு, மரம், ஆடு அனைத்தையும் கரி படிய வைத்தன. ஐரோப்பாவின் மிக மாசடைந்த இடங்களில் ஒன்று என்று இது பெயர்பெற்றது. கரித்தூள் ஆலை 1993-இல் மூடப்பட்டது.

சிபியூ

1191-ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலில் பெயர் காணப்படும் சிபியூ, சாக்சன்களின் அரசியல் தலைமையிடம். மன்னர் மாத்தியாஷ் 1486-இல் உறுதிசெய்த 'சாக்சன் தேசப் பேரவை' இங்கிருந்தே இயங்கியது. 1376-ஆம் ஆண்டின் சங்க ஒழுங்குமுறையில் 19 கைவினைச் சங்கங்கள் குறிப்பிடப்படுகின்றன. பழைய வீடுகளின் ஓட்டுக்கூரையில் பாதி திறந்த கண்போன்ற காற்றுத் துளைகள் வரிசையாக உள்ளன. பெரிய சதுக்கத்தில் நிற்பவரை வீடுகள் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

டிரான்சில்வேனியாவின் ஆளுநராக இருந்த சாமுவேல் ஃபொன் புரூக்கென்டால் தம் ஓவியச் சேகரிப்பையும் நூலகத்தையும் விட்டுச்சென்றார். அவரது மாளிகை 1817-இல் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ருமேனியர்களின் பண்பாட்டு அமைப்பான அஸ்த்ரா கழகமும் 1861-இல் சிபியூவில்தான் தோன்றியது. அதன் பெயரைத் தாங்கிய திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நாடெங்கிலுமிருந்து கொண்டுவந்த காற்றாலைகளும் நீராலைகளும் உழவர் வீடுகளும் உள்ளன.

2007-இல் சிபியூவும் லக்சம்பர்க்கும் சேர்ந்து ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரங்களாக இருந்தன. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் குடிபெயர்ந்தோர் புறப்பட்ட பகுதியும் வந்துசேர்ந்த நகரும் அதன்மூலம் மீண்டும் இணைந்தன. அப்போது நகரின் மேயராக இருந்த சாக்சன் இனத்தவரான கிளாவுஸ் யோகான்னிஸ், 2014-இல் ருமேனியாவின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகரில் ஜெர்மன் இனத்தவர் மிகச் சிறுபான்மையாகிவிட்ட பிறகும் பெரும்பான்மை ருமேனியர் அவருக்குத் தொடர்ந்து வாக்களித்தனர்.

மதிலுக்கு வெளியே இருந்தவர்கள்

சாக்சன்களின் தன்னாட்சி பிறர் விலக்கப்பட்டதன்மேல் நின்றது. 1437-இல் போபில்னாவில் உழவர் எழுச்சி ஏற்பட்டது. அதை எதிர்கொள்ள ஹங்கேரியப் பிரபுக்களும் சாக்சன்களும் சேக்கெல்களும் செய்த உடன்படிக்கை 'மூன்று தேசங்களின் ஒன்றியம்' எனப்படுகிறது. எண்ணிக்கையில் மிகுந்த ருமேனியர்கள் அதில் இடம்பெறவில்லை. அவர்களின் ஆர்த்தடாக்ஸ் சமயமும் ஏற்கப்பட்ட சமயங்களுள் சேர்க்கப்படாமல் பொறுத்துக்கொள்ளப்பட்டதாக மட்டுமே இருந்தது. 1781-இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் ஆணையிட்ட பிறகே பிற இனத்தவர் சாக்சன் நகரங்களில் சொத்து வாங்க முடிந்தது. கிராமங்களில் ரோமா மக்கள் ஊரின் விளிம்பில் குடியிருந்து, கொல்லுவேலை, செங்கல் அறுத்தல், இசை, கூலிவேலை ஆகியவற்றைச் செய்தனர். அண்டைவீட்டார் அமைப்பில் அவர்கள் உறுப்பினர் அல்லர்.

சாக்சன் தேசப் பேரவை 1876-இல் கலைக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின், 1918 டிசம்பர் 1 அன்று ஆல்பா யூலியாவில் கூடிய ருமேனியர் பேரவை, டிரான்சில்வேனியா ருமேனியாவுடன் இணைவதாக அறிவித்தது. 1919 ஜனவரியில் மெதியாஷில் கூடிய சாக்சன் பிரதிநிதிகள் இதை ஆதரித்தனர்.

வெளியேற்றம்

இரண்டாம் உலகப் போரில் ருமேனியா ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்தது. 1943-இல் இரு அரசுகளும் செய்த உடன்பாட்டின்படி, ருமேனியாவின் ஜெர்மன் இன இளைஞர் பல்லாயிரம் பேர் நாஜி ஜெர்மனியின் எஸ்.எஸ். படைப்பிரிவுகளில் சேர்க்கப்பட்டனர். நாஜி அமைப்புகள் சமூகத்தின் பள்ளிகளிலும் சபையிலும் செல்வாக்குப் பெற்றிருந்தன. 1944 ஆகஸ்ட் 23 அன்று ருமேனியா அணி மாறியதும் நிலைமை தலைகீழானது.

1945 ஜனவரியில், சோவியத் கோரிக்கையின்படி, 17 முதல் 45 வயது வரையான ஆண்களும் 18 முதல் 30 வயது வரையான பெண்களும் கட்டாய வேலைக்காக உக்ரைனின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். ருமேனியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 70,000 ஜெர்மன் இனத்தவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் சுமார் 30,000 பேர் சாக்சன்கள். பலர் பசியாலும் நோயாலும் இறந்தனர். ருமேனியாவில் பிறந்த ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்த்தா மியூல்லர், சிபியூவைச் சேர்ந்த கவிஞர் ஓஸ்கார் பாஸ்தியோரின் முகாம் நினைவுகளை அடிப்படையாகக் கொண்டு 2009-இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதே ஆண்டு அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது.

1945 மார்ச் மாத நிலச்சீர்திருத்தத்தில் ஜெர்மன் இன உழவர்களின் நிலம் பறிக்கப்பட்டது. பின்னர் வேளாண்மை முழுவதும் கூட்டுப்பண்ணையாக்கப்பட்டது. சுதந்திர உழவர் என்ற அடிப்படையில் எழுந்த சமூகத்தின் பொருளாதார அடித்தளம் இத்துடன் முடிந்தது.

1960-களின் இறுதியிலிருந்து மேற்கு ஜெர்மனி, ருமேனியாவிலிருந்து ஜெர்மன் இனத்தவரை வெளியேற்ற ஆளுக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்தது. மேற்கு ஜெர்மனியின் சார்பில் வழக்கறிஞர் ஹைன்ஸ் குந்தர் ஹியூஷ் ருமேனிய உளவுத்துறையினருடன் இரகசியமாகப் பேச்சு நடத்தினார். 1978-இல் இரு நாட்டுத் தலைவர்கள் ஹெல்முட் ஷ்மிட், நிக்கோலாய் சௌஷெஸ்கு ஆகியோரின் உடன்பாட்டுக்குப் பின் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். 1989 வரை இவ்வாறு சென்றவர் 2,00,000-க்கும் அதிகம். போகிறவர் தம் வீட்டை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் போனால் அண்டைவீட்டாரும் விண்ணப்பித்தனர். உறவினர் போன பிறகு தங்குவதற்குக் காரணம் குறைந்தது.

1988-இல் சௌஷெஸ்கு அரசு நாட்டின் ஏறத்தாழ 13,000 கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இடித்து, மக்களை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டத்தை முடுக்கியது. இதை எதிர்த்து பெல்ஜியத்தில் தோன்றிய இயக்கத்தில் மேற்கு ஐரோப்பிய ஊர்கள் ருமேனியக் கிராமங்களை ஒவ்வொன்றாகத் 'தத்தெடுத்தன'. 1989 டிசம்பர் புரட்சியில் ஆட்சி வீழ்ந்ததால் திட்டம் நின்றது. ஆனால் எல்லைகள் திறந்ததும் வெளியேற்றம் பெருகியது. 1990-இல் மட்டும் சுமார் 1,11,000 ஜெர்மன் இனத்தவர் நாட்டைவிட்டுச் சென்றனர்.

1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ருமேனியாவில் சுமார் 7,45,000 ஜெர்மன் இனத்தவர் இருந்தனர். 1992-இல் சுமார் 1,19,000 பேரும் 2021-இல் சுமார் 23,000 பேரும் இருந்தனர். சௌஷெஸ்குவின் புல்டோசர்களிலிருந்து தப்பிய கிராமங்கள் ஆளில்லாமல் நின்றன.

இன்றைய நிலை

வெறுமையான வீடுகளில் ருமேனியரும் ரோமா குடும்பங்களும் குடியேறினர். தேவாலயங்கள் லூதரன் சபையின் உடைமையாகவே உள்ளன. ஆனால் பல ஊர்களில் சபையினர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே எஞ்சியுள்ளனர். கூரை ஓட்டை மாற்றவும் வடிகாலைச் சீர்செய்யவும் அண்டைவீட்டார் அமைப்பு முன்பு செய்துவந்த உழைப்பை இன்று செய்ய ஆளில்லை. 2016 பிப்ரவரியில் ரோத்பாவ், ரோவாதேஷ் ஆகிய இரு ஊர்களிலும் தேவாலயக் கோபுரங்கள் இடிந்து விழுந்தன. பேரரசுகளின் படைகளைத் தாங்கிய சுவர்களை, பராமரிப்பின்மை வீழ்த்தியது. அதன் பின் கோட்டைத் தேவாலயங்களின் பாதுகாப்புக்கென லூதரன் சபை சார்ந்த அறக்கட்டளையின் பணி கூடுதல் கவனம் பெற்றது.

விஸ்கிரியில் மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை, பழைய வீடுகளைச் சுண்ணாம்பு, கையால் செய்த ஓடு, மரம் ஆகியவற்றைக் கொண்டு புதுப்பித்தது. உள்ளூர் ருமேனியரும் ரோமாக்களும் கொத்துவேலை, தச்சு, ஓடு சுடுதல் ஆகிய தொழில்களைக் கற்றனர். வெளியேறாமல் தங்கிய சாக்சன் பெண்மணி கரோலின் ஃபெர்னோலெண்ட் இப்பணியை முன்னின்று நடத்தினார். இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸ், இளவரசராக இருந்தபோது 2006-இல் இங்கு ஒரு வீடு வாங்கினார். ஊர்ப் பெண்கள் பின்னும் கம்பளிக் காலுறைகள் ஜெர்மனியிலும் விற்கப்படுகின்றன. மறுபக்கம், சுமார் 400 பேர் வாழும் சிறிய ஊர் கோடையில் வாகனங்களால் நிரம்புகிறது. வீட்டு விலை ஏறி உள்ளூரார் வாங்க முடியாத நிலை வருகிறது. இதனால் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது.

2022-இல் நிறைவுற்ற 'வியா டிரான்சில்வேனிக்கா' என்ற 1,400 கி.மீ. நடைபாதை, சாக்சன் ஊர்கள் பலவற்றின் வழியாகச் செல்கிறது. நடந்து வருவோர் ஊரிலேயே தங்கி உண்பதால் வருமானம் நேரடியாகக் குடும்பங்களுக்குச் சேர்கிறது. ஜெர்மனிக்குச் சென்ற சாக்சன்களில் சிலர் கோடையில் திரும்பிவந்து பழைய வீடுகளைத் திறக்கின்றனர். பிராஷோவின் ஹோன்டெரூஸ் பள்ளியிலும் சிபியூவின் புரூக்கென்டால் பள்ளியிலும் இன்றும் ஜெர்மன் வழியில் பாடம் நடக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் ருமேனியர்கள்.

பல கிராமங்களில் தேவாலயத்தின் சாவி ஒரு வீட்டில் இருக்கும். கதவில் எழுதியுள்ள எண்ணை அழைத்தாலோ, அடுத்த வீட்டில் கேட்டாலோ ஒருவர் வந்து திறந்துவிடுவார். முன்பு அவர் ஊரின் வயதான சாக்சனாக இருந்தார். இன்று அநேகமாக ருமேனியராகவோ ரோமாவாகவோ இருக்கிறார். ஒரு காலத்தில் அண்டைவீட்டார் அமைப்பில் இடம்பெறாதவர்களின் வாரிசுகளே அந்தக் கட்டடங்களின் காவலர்களாக மாறியுள்ளனர். அவர்கள் அதைத் தம்முடையதாகக் கருதும் ஊர்களில் கூரை ஒழுகாமல் இருக்கிறது.